நாகமணி கேட்ட கையெழுத்து

தேர்தல் நாள் வந்தால் எனக்குக் கோபம் வரும். புக்கிட் செந்தோசாவில் என் மகன் வீட்டில் எல்லாருக்கும் இது தெரியும். "வெயில் மண்டையப் பொளக்குதுப்பா, வரிசை வேற நீளம், யார் வந்தா நமக்கென்ன லா" என்று அவன் சோபாவில் சாய்வான். நான் சத்தம் போடுவேன். சட்டையை மாட்டிக்கொண்டு முதல் ஆளாக வாசலில் இறங்கி நிற்பேன். கிழவனுக்கு வேறு வேலையில்லை என்று மருமகள் முணுமுணுப்பது காதில் விழும். விழட்டும். அவர்களுக்கு நாகமணியைத் தெரியாது.

நாகமணியைப் பற்றி எழுதுமளவுக்கு அவள் என்ன பெரிய ஆளா என்று கேட்டால், இல்லை. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி, பால் எடுத்து ஊற்றினாள். பேப்பரில் ஒருநாளும் அவள் படம் வந்ததில்லை. எங்கள் தோட்டத்தில் நாற்பத்து மூன்று பெண்கள் ஓட்டுப் போட அவள் காரணம். அவள் ஓட்டுப் போடாமல் செத்ததற்கு நான் காரணம். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வயதில்லை.

எங்கள் தோட்டம் மலாய் நாட்டில், அசாம் ஜாவா ஊரிலிருந்து உள்ளே நாலு மைல். வெள்ளைக்காரன் வைத்த பெயர் ஒன்று உண்டு, நாங்கள் மூணுகல் தோட்டம் என்றுதான் சொல்வோம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதில், ஜனவரி மாதம், என் இருபதாவது வயதில் அங்கே ஆபீஸ் கணக்கெழுதும் சின்ன கிராணியாகச் சேர்ந்தேன். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளை அடக்க அரசாங்கம் போட்ட அவசரகாலம் உச்சத்தில் இருந்தது. ஆட்கள் குடியிருந்த லயங்களையெல்லாம் ஒன்றாக நெருக்கி, சுற்றி இரண்டு வரிசை முள்வேலி போட்டிருந்தார்கள். ஒரே ஒரு கேட். சாயந்திரம் அடைத்தால் விடிந்துதான் திறப்பார்கள்.

என் முதல் வேலை பெரட்டு. விடியற்காலை ஐந்தரைக்குக் களத்தில் ஆட்களை நிறுத்தி, செக்ரோல் என்ற பேர்ப் பதிவேட்டைப் பார்த்துப் பேர் கூப்பிட வேண்டும். பேருக்குக் குரல் வந்தால் அன்றைக்கு வேலை உண்டு. இரண்டாவது வரிசையில் மெலிந்த உடம்பும் கனத்த குரலுமாக ஒருத்தி. "கங்கா" என்பேன். "இருக்கேங்க" என்பாள். மூன்று மாதம் இப்படியே போனது. ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் அவளை "நாகமணி, நாகமணி" என்று அழைப்பதைக் கேட்டுத் திகைத்துவிட்டேன்.

"கங்கா யாரு?" என்று அவளையே கேட்டேன்.

"எங்கக்கா. செத்துட்டா" என்றாள்.

எட்டு வயதில் அக்காவோடும் அக்கா புருஷனோடும் கப்பலேறி வந்தவள் நாகமணி. ஜப்பான்காரன் காலத்தில் அக்கா காய்ச்சலில் போய்விட்டாள். சண்டை முடிந்து தோட்டம் மறுபடி திறந்தபோது, பழைய செக்ரோலில் பேர் உள்ளவர்களுக்குத்தான் முதலில் வேலை என்றார்கள். பதினேழு வயதுப் பெண், பட்டினி. அக்கா பேருக்குக் குரல் கொடுத்துவிட்டாள். அப்போது ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்த ரெங்கசாமிக்கு எல்லாம் தெரியும். கண்டும் காணாமல் விட்டுவிட்டார். பிறகு ஊருக்குப் போனவர் அங்கேயே காலமாகிவிட்டார். நாற்பத்தெட்டில் அவசரகாலம் வந்து, போலீஸ் லோரியில் கேமராவோடு அடையாளக் கார்டு போட வந்தபோது மட்டும் அவள் தன் பேரையே சொன்னாள். ஆக கார்டில் நாகமணி, செக்ரோலில் கங்கா.

இது அங்கே யாருக்கும் தப்பாகப் படவில்லை. பிள்ளை பெற்றவளுக்கு ஒதுக்கிய மரவரிசையை, அந்த நிரையை, தங்கை வெட்டுவாள், பேர் அக்காவுடையதாக இருக்கும். காய்ச்சல்காரிக்குப் பதில் பக்கத்து வீட்டுக்காரி போவாள். நிரை கைவிட்டுப் போகக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. எனக்கும் அது பழகிவிட்டது. தினமும் விடியுமுன் செத்தவளைக் கூப்பிடுவேன். இருக்கிறவள் பதில் சொல்வாள்.

ஐம்பத்தைந்தில் முதல் தேர்தல் வந்தது. ஓட்டுக் கேட்டு ஒரு வேட்பாளர் தோட்டத்துக்கு வந்தார். அப்போது கேட்டில் சோதனை கடுமை. காட்டிலுள்ளவர்களுக்குச் சோறு போகக் கூடாதென்று, வேலைக்குப் போகிறவர்கள் ஒரு பிடி சோறுகூட எடுத்துப் போக முடியாது. பெண்களைக் கொண்டையை அவிழ்த்து உதறச் சொல்வார்கள். பால் கொடுக்கிற தாய்கூட மத்தியானம் வரைக்கும் வெறும் வயிற்றோடு மரம் வெட்ட வேண்டும். நாகமணி அவர் முன்னால் போய் நின்று இதையெல்லாம் மளமளவென்று சொன்னாள். அவரும் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து எழுதத் தொடங்கினார். பக்கத்திலிருந்தவர் அவர் காதருகில் குனிந்து ஏதோ சொன்னார்.

"உங்கள்ல யாருக்கெல்லாம் ஓட்டு இருக்கும்மா?" என்று வேட்பாளர் கேட்டார்.

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒருத்திக்கும் இல்லை. ஆண்களிலேயே நாலு பேருக்குத்தான் இருந்தது. அந்த மனுஷர் நோட்டை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு அந்த நாலு பேரைத் தேடிப் போய்விட்டார்.

"நோட்ட மூடுனான் பாத்தீங்களா, கிராணியய்யா?" என்று நாகமணி என்னிடம் கேட்டாள். "நாம பேசுனது அந்தாளு காதுல விழல. நம்மகிட்ட ஓட்டு இல்லைங்கிறதுதான் விழுந்துச்சு."

இந்த நாட்டுச் சட்டம் பெண்ணுக்கு ஓட்டு இல்லை என்று எங்கேயும் சொல்லவில்லை. குடியுரிமை வேண்டும் என்றது. குடியுரிமைக்குத் தாள் வேண்டும். ஆண்கள் எப்படியோ தாளைச் சேர்த்துக்கொண்டார்கள். பெண்களுக்கு யார் சேர்ப்பது? சுதந்திரம் வந்த கையோடு ஒரு வாய்ப்பும் வந்தது. எட்டு வருஷம் இங்கே இருந்ததற்குச் சாட்சி காட்டி ஒரு வருஷத்துக்குள் மனுப் போட்டால் மலாய்ப் பரீட்சை கிடையாது. ஐம்பத்தெட்டு ஆகஸ்டோடு கெடு முடிகிறது. தோட்டத்து ஆண்கள் வரிசையாகப் போய் மனுக் கொடுத்தார்கள். பெண்களைக் கூட்டிப் போக ஒருவனுக்கும் தோன்றவில்லை. தோன்றியவனும், ஒருநாள் வேலை கெட்டுப்போகும் என்று விட்டுவிட்டான். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நாகமணிதான் கிளம்பினாள். புருஷன் செல்லன் பாம்பு கடித்துப் போய் ஆறு வருஷம், பிள்ளை இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் லயம் லயமாகப் போய் உட்கார்ந்துகொள்வாள். "ஒனக்கு எதுக்குடி இந்த வேல?" என்று ஆண்கள் அதட்டினால், "ஒனக்கு எதுக்கோ அதுக்குத்தான்" என்பாள். மனு எழுத ஆள் வேண்டுமே? அசாம் ஜாவாவில் மளிகைக்கடை வைத்திருந்த மீரா முகைதீன் மனைவி மெகராஜ் பேகம் நாலு எழுத்துப் படித்தவர். கடைக்குப் பின்னால் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, ஒவ்வொருத்திக்கும் அவரே எழுதினார். ஒரு காசு வாங்கவில்லை. கேட்டால், "நானும் மனுப் போட்டவதானே, எனக்குத் தெரியாதா அந்தக் கஷ்டம்" என்பார்.

மனு வாங்குகிற கோலசிலாங்கூர் ஆபீசுக்கு முதல் முறை போனபோது ஒரு கூத்து நடந்தது. அதிகாரி நல்ல மலாய்ப் பையன். மொழிபெயர்க்க ஒருவர் இருந்தார். "புருஷன் பேர் என்ன?" என்று கேட்டார்கள். வரிசையில் முதலில் இருந்த வள்ளியம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். மறுபடி கேட்டார்கள். பேச்சே இல்லை. அடுத்தவளும் அப்படியே. புருஷன் பேரை எப்படிச் சொல்வது? ஆறு பேர் அன்று மனுக் கொடுக்காமல் பஸ் ஏறித் திரும்பினார்கள்.

அடுத்த முறை நாகமணி அவர்களை ஜோடி ஜோடியாக நிறுத்தினாள். இவள் புருஷன் பேரை அவள் சொல்ல வேண்டும், அவள் புருஷன் பேரை இவள் சொல்ல வேண்டும். அதிகாரி முதலில் விழித்தாராம், பிறகு சிரித்துவிட்டு எழுதிக்கொண்டாராம். வள்ளியம்மா புருஷன் நல்லசாமி இதைக் கேட்டுவிட்டு, "எம்பேர ஊராம் பொண்டாட்டி சொல்றா, எம்பொண்டாட்டி மட்டும் சொல்ல மாட்டேங்கிறாளே" என்று பெரட்டுக் களத்தில் சொல்லிச் சொல்லிக் காட்டினான். லயமே சிரித்தது.

இப்படி நாற்பத்து மூன்று மனு. ஒவ்வொன்றுக்கும் எட்டு வருஷச் சாட்சியாகத் தோட்டத்து ஆபீஸ் கடிதம் வேண்டும். நான்தான் தட்டச்சு அடித்தேன், பெரிய கிராணி உடையப்பன் கையெழுத்துப் போட்டார். எல்லாரையும் அனுப்பிவிட்டு, ஆகஸ்டு பிறந்த பிறகு நாகமணி தனக்காக வந்து நின்றாள்.

செக்ரோலைத் திறந்தால் நாகமணி என்று ஒருத்தி இல்லை.

உடையப்பன் கெட்டவர் இல்லை. பயந்தவர். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "வேற பேர்ல பன்னெண்டு வருசம் வேல பாத்திருக்கே. இந்தக் காலத்துல இது என்ன தெரியுமா? செரண்டாப் பக்கம் ஒருத்தன், கார்டுல ஒரு பேரு வாயில ஒரு பேருன்னு பிடிச்சிட்டுப் போனாங்க. எட்டு மாசம் கழிச்சுத்தான் வந்தான். ஒன்னையும் பிடிப்பான், தெரிஞ்சே எழுதுன எங்களையும் பிடிப்பான்" என்றார். அப்புறம் குரலைத் தணித்து வழியும் சொன்னார். "கங்கா பேர்லயே மனுப் போட்டுரு. கடிதம் இப்பவே தரேன். கார்டு தொலைஞ்சு போச்சுன்னு சொல்லி அந்தப் பேர்லயே புதுசு வாங்கிக்கலாம். காதும் காதும் வச்ச மாதிரி முடிஞ்சிரும்."

நான் அப்பாடா என்று மூச்சு விட்டேன். நாகமணி விடவில்லை.

"வேணாங்கய்யா" என்றாள்.

"ஏன்? பேருல என்ன இருக்கு?"

"சோத்துக்காக அவ பேருக்குக் குரல் கொடுத்தேன். அப்ப எனக்கு வேற வழி தெரியல. ஓட்டுப் போடப் போறது நானு. அதையும் செத்தவ பேர்ல போட்டா, நான் எப்பத்தான்யா இருந்தேன்?" சொல்லும்போதே அழுதுவிட்டாள். அதற்கு முன்னும் பின்னும் அவள் அழுது நான் பார்த்ததில்லை.

வேறு ஒரு வழி இருந்தது. செக்ரோலில் இருக்கிற கங்காவும் இந்த நாகமணியும் ஒரே ஆள் என்று, விஷயம் தெரிந்த ஓர் ஆபீஸ் ஆள் எழுதிக் கையெழுத்துப் போட்டால் எடுத்துக்கொள்வார்கள் என்று மெகராஜ் பேகம் விசாரித்துச் சொல்லியிருந்தார். மண்டோர் போய்ச் சேர்ந்துவிட்டார். உடையப்பன் முடியாது என்றுவிட்டார். மிச்சம் நான். எட்டு வருஷம் தினமும் கூப்பிட்டவன். சட்டம் கேட்ட எட்டு வருஷமும் என் வாயிலேயே இருந்தது.

"நாளைக்குப் பாக்கலாம் நாகமணி" என்றேன்.

என் குடியுரிமை மனுவும் கோலசிலாங்கூர் ஆபீஸில் மேசைமேல் கிடந்தது. கிள்ளானில் பெண் நிச்சயமாகியிருந்தது. இதெல்லாம் காரணமா என்று இன்றைக்கு யாராவது கேட்டால், வெட்கமாக இருக்கிறது. அன்றைக்குக் காரணமாகத்தான் இருந்தது. அவள் இரண்டாம் முறை வந்தபோது டைப்ரைட்டர் ரிப்பேர் என்றேன். பச்சைப் பொய். அவளுக்கும் தெரியும். "சரிங்கய்யா, சனிக்கிழமைதான் கடைசி. பத்து மணி பஸ்ஸப் பிடிச்சா மத்தியானம் ஆபீஸ் அடைக்கறதுக்குள்ள போயிரலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தச் சனிக்கிழமை, ஆகஸ்டு முப்பது, நான் பெரட்டு முடிந்த கையோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு தோட்டத்தின் கடைசிப் பிரிவுக்குப் போய்விட்டேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் ஒரு மணிக்குத் திரும்பினால், ஆபீஸ் படியில் நாகமணி உட்கார்ந்திருக்கிறாள். கல்யாணத்துக்குக் கட்டுகிற நீலச் சேலை. மடியில் துணியில் சுற்றிய மனு. காலையிலிருந்து அங்கேயே இருந்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு லயத்துக்கு நடந்தாள்.

திங்கட்கிழமை விடியற்காலை. பெரட்டு. முதல் வரிசை முடிந்தது.

"கங்கா" என்றேன்.

பதில் இல்லை. நேரே எதிரில் நிற்கிறாள். பால் வாளி கையில் இருக்கிறது.

"கங்கா!"

களம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. குரல் வராவிட்டால் அன்று வேலை இல்லை, அது அவளுக்குத் தெரியாதா? உடையப்பன் ஆபீஸ் வாசலுக்கு வந்துவிட்டார். தோட்டத்து மேனேஜர் தொரையும் அப்போதுதான் வந்து காரைவிட்டு இறங்கி நின்றார்.

"கங்கா செத்துப் பதினாலு வருசம் ஆச்சுங்கய்யா" என்றாள் நாகமணி. எல்லாருக்கும் கேட்கிற குரலில். "நாகமணின்னு ஒருத்தி இருக்கேன். கூப்பிட்டா வர்றேன். கூப்பிடாட்டி வீட்டுக்குப் போறேன்."

தொரையைப் பார்த்தேன், உடையப்பனைப் பார்த்தேன். பிறகு கூப்பிட்டேன். "நாகமணி."

"இருக்கேங்க" என்றாள்.

தொரை என்னவென்று கேட்டார். இனி ஒளிக்க என்ன இருக்கிறது? சொன்னேன். உடையப்பன் வேர்த்துப்போய் நின்றார். தொரை செக்ரோலை வாங்கினார், கங்கா என்பதைச் சிவப்பு மையால் அடித்தார், மேலே நாகமணி என்று எழுதி ஓரத்தில் கையெழுத்துப் போட்டார். இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. "இதற்கா இத்தனை பயந்துகொண்டிருந்தீர்கள்?" என்பதுபோல எங்களைப் பார்த்துவிட்டுக் காரில் ஏறிப் போனார். போலீஸ் வரவில்லை. யாரையும் பிடிக்கவில்லை. ஒரு மாதமாக நான் பயந்து செத்ததற்கு விலை அந்த இரண்டு நிமிஷம். அன்று காலையிலேயே சாட்சிக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அவளிடம் கொடுத்தேன். செப்டம்பர் ஒன்றாம் தேதி. கெடு தாண்டிவிட்டது.

தாண்டினால் மலாய்ப் பரீட்சையில் தேற வேண்டும். மீன்காரனிடம் சண்டை போடுகிற அளவுக்கு மலாய் பேசுவாள். மேசைக்கு முன்னால் உட்கார வைத்துக் கேள்வி கேட்டால் வாயடைத்துப் போவாள். இரண்டு முறை போனாள், இரண்டு முறையும் தேறவில்லை. மூன்றாம் முறை நான் கூட வருகிறேன் என்றேன். "போதுங்கய்யா" என்றாள். கடைசிவரைக்கும் அவள் கையில், குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தருகிற சிவப்புக் கார்டுதான்.

ஐம்பத்தொன்பது தேர்தலுக்கு மறுபடி ஒரு வேட்பாளர் தோட்டத்துக்கு வந்தார். இந்த முறை வள்ளியம்மாவை முன்னால் நிறுத்திவிட்டு நாகமணி பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தாள். மருத்துவச்சி வேண்டும், வேலைக்குப் போகிறபோது பிள்ளைகளை விடுகிற கொட்டகைக்குக் கூரை வேண்டும். "எத்தனை பேருக்கும்மா ஓட்டு?" "நாப்பத்து மூணு" என்றாள் வள்ளியம்மா. அவர் கடைசிவரைக்கும் நோட்டை மூடவில்லை. கூரை அடுத்த மழைக்குள் வந்துவிட்டது.

ஓட்டுப் போடுகிற அன்று லோரியில் எல்லாப் பெண்களும் அசாம் ஜாவா பள்ளிக்கூடத்துக்குப் போனார்கள். நாகமணியும் போனாள். அதே நீலச் சேலை. பள்ளிக்கூடத்துக்கு வெளியே மரத்தடியில் துணி விரித்துப் பதினொரு கைக்குழந்தைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒருத்தி உள்ளே போவாள், பிள்ளை இவளிடம். அவள் வருவாள், அடுத்தவள் போவாள். மெகராஜ் பேகமும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வரிசையில் நின்றார்.

நான் ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். வேறு வழியில்லை, அந்த மரத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒரு குழந்தை தோளில், ஒன்று மடியில். நிமிர்ந்து பார்த்தாள்.

"போட்டாச்சாங்கய்யா?"

"ம்."

"உங்க பேரு சரியா இருந்துச்சா?"

குத்திக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "இருந்துச்சு" என்றேன். "நல்லது" என்று சொல்லிவிட்டு அழுகிற குழந்தையைத் தட்டிக்கொடுக்கத் தொடங்கினாள். அதற்குப் பிறகு வந்த தேர்தல்களிலும் அந்த மரத்தடியில்தான் இருந்தாள். குழந்தைகள்தான் மாறினார்கள்.

எண்பத்து மூன்றில் நெஞ்சுவலி வந்து இரண்டே நாளில் போய்விட்டாள். உறவென்று யாருமில்லை. சாவைப் பதிவதற்கு நானே கோலசிலாங்கூர் போனேன். பஸ்ஸுக்குக் காத்திராமல் வாடகைக் கார் பிடித்துப் போனேன். மேசையில் சின்ன வயசுப் பெண் ஒருத்தி இருந்தாள். "பேர்?" என்றாள். "நாகமணி" என்றேன். எழுத்து எழுத்தாகச் சொல்லி, எழுதியதை வாங்கிச் சரிபார்த்தேன். "குடியுரிமை?" "இல்லை." "எத்தனை வருஷம் இந்த நாட்டில்?" "நாற்பத்தாறு." அவள் தலையைத் தூக்கி, "அப்புறம் ஏன் எடுக்கல?" என்று கேட்டாள்.

விவரம் சொல்கிறவர் கையெழுத்து என்று கடைசியில் ஒரு கோடு இருந்தது. பேனாவை வாங்கி உடனே போட்டேன்.